அஃப்சானாவுக்கு ஒரு ‘எஸ் சார்’

அன்புக்கரசியின் ஜோடி ஒரு நாள்கூடப் பள்ளிக்கு வந்ததில்லை.

ஏழாம் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஆங்கில வகுப்பு தொடங்கியதும் முதல் வேலை ஜோடிப் பயிற்சிதான். வருகைப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெயர்கள் ஒரு ஜோடி. இது மணிமேகலை மிஸ் போட்ட சட்டம். பிடித்தவர்களோடு உட்கார்ந்துகொள்கிறோம் என்று யார் கெஞ்சினாலும் மிஸ் மசியமாட்டார்.

“கிராமர் படிக்கிறதுக்குத்தான் ஜோடி. கதை பேச இல்லை. உக்காருங்க” என்பார்.

பட்டியலில் முதல் பெயர் அஃப்சானா. இரண்டாவது பெயர் அன்புக்கரசி. கோடை விடுமுறையில் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போன அஃப்சானா, படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்லும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பள்ளி திறந்ததிலிருந்து அவள் கட்டிலில்தான் இருக்கிறாள். அவள் பெயர் மட்டும் தினமும் வகுப்புக்கு வந்துபோகிறது.

அன்புக்கரசியோ இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தவள். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவந்த குடும்பம். அப்பா சூசைராஜ் காய்கறி ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். வகுப்பில் மற்ற எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். யாருக்கு யார் கூட்டாளி என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. புதிதாக வந்தவளுக்கு அதில் இடம் மிச்சம் இல்லை.

“மிஸ், என் ஜோடி வரலை” என்று முதல் நாள் எழுந்து சொன்னாள் அன்புக்கரசி.

“அதனால என்ன? கேள்வியையும் நீயே கேளு. பதிலையும் நீயே சொல்லு” என்றார் மிஸ்.

அன்றைய பாடம் இன்ஃபினிடிவ். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘டு’ போட வேண்டும், அவ்வளவுதான் என்றார் மிஸ். அவ்வளவுதான் என்று மிஸ் சொன்னால் அதில் நிறைய இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ஜோடியாக எழுந்து பேசினார்கள். ஒருத்தி கேட்டாள், ஒருத்தி சொன்னாள். அன்புக்கரசியின் முறை வந்தது.

“வாட் டு யூ வாண்ட் டு டூ?” என்று காலியான இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

காலியான இடம் ஒன்றும் சொல்லவில்லை.

“ஐ வாண்ட் டு ட்ரிங்க் வாட்டர்” என்று அவளே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. காற்றோடு பேசிய மாதிரி இருந்தது.

ஒரு வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள், கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே குரலாக இருக்கிறதே என்று நினைத்து, பதிலை மூக்கால் மெல்லிய குரலில் சொன்னாள்.

“ஐ வாண்ட் டு ஈட் டென் பரோட்டாஸ்.”

வகுப்பு குபீரென்று சிரித்தது. மிஸ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் குரல்தான் அஃப்சானா. நாளாக ஆக அவளுக்கு ஆசைகள் பெருகின. கணக்கு வகுப்பில் தூங்க ஆசைப்பட்டாள். தலைமையாசிரியர் நாற்காலியில் சுற்ற ஆசைப்பட்டாள். மலைக்கோட்டை உச்சியில் நின்று பட்டம் விட ஆசைப்பட்டாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘டு’ சரியாக இருந்ததால் மிஸ்ஸும் குறை சொல்ல முடியவில்லை.

“இன்னைக்கு அஃப்சானா என்ன சொல்லப் போறா?” என்று முன்பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

மதிய மணி அடித்தால் எல்லாம் முடிந்துவிடும். புங்கமரத்தடியில் வட்டம் வட்டமாக உட்காருவார்கள். “உனக்கு என்ன வெஞ்சனம்?” என்று ஒருத்தி மற்றவளின் டப்பாவை எட்டிப் பார்ப்பாள். தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் கைமாற்று நடக்கும். அன்புக்கரசியிடம் யாரும் என்ன வெஞ்சனம் என்று கேட்டதில்லை.

யாரும் அவளை விரட்டவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் வேகமாகச் சாப்பிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் டப்பாவைக் கழுவுவாள். கழுவிய டப்பாவை மறுபடியும் கழுவுவாள். கழுவிக்கொண்டே இருந்தால் தனியாக இருப்பதுபோலத் தெரியாது, வேலையாக இருப்பதுபோலத் தெரியும். அந்தப் பள்ளியிலேயே மிகவும் சுத்தமான டப்பா அவளுடையதுதான்.

மூக்கால் பேசும் அஃப்சானாவை எல்லாருக்கும் பிடித்திருந்தது. அன்புக்கரசியை யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் மிஸ் வினைச்சொல் வகைகளை நடத்தினார்.

“ஸ்லீப், சிட், க்ரை. இதெல்லாம் தனியா நிக்கும். பக்கத்துல யாரும் வேண்டாம். டெல், கிவ், ஹெல்ப். இதெல்லாம் தனியா நின்னா அரைகுறை. யாரை, எதை, யாருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.”

அன்று மாலை பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வந்த அன்புக்கரசி, தான் பள்ளி விட்டதும் என்னென்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். நடந்தாள். வந்தாள். உட்கார்ந்தாள். அம்மா வரும்வரை காத்திருக்கப் போகிறாள். எல்லாமே தனியாக நிற்கிற வகை. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அழுகை வந்தது. அழுவதும் அதே வகைதான் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் வந்தது.

அடுத்த நாள் மணிமேகலை மிஸ் விடுப்பு. வருகை எடுக்க விளையாட்டு ஆசிரியர் பழனிக்குமார் சார் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. மனம் மைதானத்தில் இருந்தது. வருகை பதியும் கைப்பேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று பெயர் வாசிக்கத் தொடங்கினார்.

“அஃப்சானா.”

மிஸ்ஸாக இருந்தால் அந்தப் பெயரில் நிற்கவே மாட்டார், தானே ‘லீவு’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். சாருக்கு அது தெரியாது.

“அஃப்சானா?” என்று மறுபடியும் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அமைதி அன்புக்கரசிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்திலிருந்து வந்தது. தினமும் அந்த இடத்துக்காகப் பேசிப் பழகிய நாக்கு. அவள் நினைப்பதற்குள் அது முந்திக்கொண்டது.

“எஸ் சார்” என்றது, மூக்கால், மெல்லிய குரலில்.

வகுப்பே குலுங்கியது.

“என்ன சிரிப்பு? அன்புக்கரசி.”

“எஸ் சார்” என்றாள் தன் சொந்தக் குரலில்.

சொல்லிவிடலாமா என்று நினைப்பதற்குள் சார் பத்துப் பெயர்களைத் தாண்டிவிட்டார். முன்பெஞ்சிலிருந்த பவித்ரா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். போன வருடம் அஃப்சானாவும் பவித்ராவும் ஒரே பெஞ்சு. அந்தப் பவித்ராவே சிரிக்கிறாள் என்றால் இதில் என்ன தப்பு இருக்கப்போகிறது? அன்புக்கரசி அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

மறுநாள் காலை ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். வேகமாக நடந்து வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. சேலை முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு மிஸ்ஸைக் கூப்பிட்டார். அவர் அஃப்சானாவின் அம்மா ஜெய்தூன் பீவி.

“மிஸ், புள்ள பேரை எடுத்துட்டீங்களா?”

“எதுக்கும்மா எடுக்கிறோம்? யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை மிஸ். வரலை, வரலைன்னு தினமும் பத்து மணிக்கு எங்க போனுக்கு மெசேஜ் வரும். நேத்து அந்த மெசேஜ் வரலை. பேரை அடிச்சுட்டாங்க, அதான் வரலைன்னு அழுக ஆரம்பிச்சவதான். ராத்திரி ஒரு வாய் சாப்பிடலை. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. எடுக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல மிஸ்.”

மிஸ் குழம்பிப்போய்க் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“நேத்து அஃப்சானா வந்திருக்கிறதா இருக்கே.”

“கட்டில்ல இருந்து இறங்க முடியாத புள்ள எப்டி மிஸ் வரும்?”

நேற்றுச் சிரித்த அத்தனை பேரும் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்கள். பவித்ரா தன் பேனா மூடியைப் பார்த்தாள். யாரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று அன்புக்கரசிக்குப் புரிந்தது. பேசாமல் இருந்தால் போதும். பழனிக்குமார் சார் செயலியில் தவறாக அழுத்திவிட்டார் என்று முடிந்துவிடும்.

ஆனால் ஒருத்தி சாப்பிடாமல் அழுதிருக்கிறாள். அந்தக் காலி இடத்தில் உண்மையிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்பது இப்போதுதான் அன்புக்கரசிக்கு உறைத்தது.

எழுந்து நின்றாள்.

“நான்தான் மிஸ். நேத்து சார் கூப்பிட்டப்ப நான்தான் எஸ் சார்னு சொன்னேன்.”

மிஸ்ஸின் முகம் சிவந்தது. “வருகைன்னா விளையாட்டா? வீட்டுல இருந்து கிளம்புன பிள்ளை ஸ்கூலுக்கு வந்துச்சா இல்லையான்னு அந்த மெசேஜை நம்பித்தானே பெத்தவங்க நிம்மதியா வேலை பார்க்கிறாங்க. நான் சிரிச்சதால வந்த வினை. இனி அந்தக் குரலை நான் கேக்கக் கூடாது.”

“சரி மிஸ்.”

ஜெய்தூன் பீவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று அன்புக்கரசி நினைத்தாள். அவரோ, “நீ யாரும்மா? உன்னை நான் பார்த்ததில்லையே” என்றார்.

“நான் அஃப்சானாவோட ஜோடிங்க.”

“அவளுக்கு ஜோடி இருக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“அவளுக்குத் தெரியாதுங்க.”

உடனே இன்னொன்றும் கேட்டாள். “நான் சாயங்காலம் வந்து, பேரை எடுக்கலைன்னு அவகிட்டச் சொல்லட்டுமா?”

ஜெய்தூன் பீவி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் அன்புக்கரசியின் அப்பாவுக்குப் போன் போட்டார். லோடு வண்டிச் சத்தத்துக்கு நடுவே சூசைராஜ் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

“ஏ தாயி, தப்பைச் செஞ்சது நீ, போய்ச் சொல்ல வேண்டியதும் நீதான். சொல்லிட்டு அங்கனயே இரு. மார்க்கெட்ல இறக்கிட்டு நான் வந்து கூட்டிக்கிறேன்.”

அஃப்சானாவின் வீடு பேகம்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலை ஒட்டிய அறையில் ஜன்னலோரம் கட்டில். தலையணை மேல் கால். போர்வைக்குள்ளிருந்து ஒரு பின்னல் மட்டும் வெளியே தெரிந்தது. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“உன் பேரை எடுக்கலை” என்றாள் அன்புக்கரசி. “நான்தான் உனக்குப் பதிலா எஸ் சார்னு சொல்லிட்டேன். அதான் மெசேஜ் வரலை. இன்னைக்கு வந்துருச்சுல்ல?”

“வந்துருச்சு” என்றது பின்னல்.

அன்புக்கரசி திடுக்கிட்டாள். அது மெல்லிய குரலே இல்லை. எண்ணெய் போடாத சைக்கிள் மாதிரிக் கரகரவென்று இருந்தது.

அஃப்சானா மெதுவாகத் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. “என்னை மாதிரியே பேசுனியாம்ல. என் குரலு உனக்கு எப்டித் தெரியும்?”

“தெரியாது. சும்மா மூக்கால பேசுவேன்.”

“எங்க, பேசு பார்ப்போம்.”

“மிஸ் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“இது என் வீடு. பேசு.”

அன்புக்கரசி தயங்கித் தயங்கி, “ஐ வாண்ட் டு ஈட் டென் பரோட்டாஸ்” என்றாள்.

அஃப்சானா சிரிக்கவில்லை. “இதுக்கு எல்லாரும் சிரிச்சாங்களா?”

“ம்.”

“பவித்ராவுமா?”

“ம்.”

அஃப்சானா தன் அம்மாவின் கைப்பேசியை எடுத்து நீட்டினாள். தங்கள் மகள் அஃப்சானா இன்று வகுப்புக்கு வரவில்லை. மேலே தள்ளத் தள்ள அதே வரி வந்துகொண்டே இருந்தது.

“மெஷின்தான் அனுப்புதுன்னு எனக்கும் தெரியும்” என்றாள். “இருந்தாலும் ஸ்கூல்ல இருந்து எனக்கு வர்றது இது ஒண்ணுதான். ஆரம்பத்துல எல்லாரும் வந்தாங்க. கால்ல கட்டு மேல பேரெல்லாம் எழுதுனாங்க. அப்புறம் கட்டையும் பிரிச்சாச்சு, ஆளும் வரலை. பத்து மணிக்கு இது டிங்குன்னு வந்தா, சரி, இப்ப என் பேரைச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன்.”

அன்புக்கரசி, மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். வேறொன்று வந்துவிட்டது.

“எங்கிட்டயும் யாரும் பேச மாட்டாங்க. அந்தக் குரல்ல பேசுனாத்தான் என்னைப் பார்ப்பாங்க.”

ஜெய்தூன் பீவி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மகள் குடிக்கிறாளா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அஃப்சானா குடித்தாள்.

“அந்த டு போடுறது என்னது?” என்று கேட்டாள் திடீரென்று. “எனக்கு ஒண்ணுமே நடத்தலையே.”

அன்புக்கரசி பையைத் திறந்தாள். எந்த வினை தனியாக நிற்கும், எந்த வினை துணை கேட்கும், ‘டு’ எங்கே வரும் என்று மிஸ் சொன்னபடியே சொன்னாள். அஃப்சானா கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

“இப்ப நான் கேக்கிறேன், நீ சொல்லு. வாட் டு யூ வாண்ட் டு டூ?” என்றாள் அன்புக்கரசி.

“ஐ வாண்ட் டு பிஞ்ச் யூ” என்றாள் அஃப்சானா கரகரப்பாக.

சொன்னபடியே எட்டி, கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. ஆனால் பள்ளி திறந்ததிலிருந்து அன்புக்கரசியின் கேள்விக்கு வேறு ஒருத்தி பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. கையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

அதன் பிறகு அன்புக்கரசி தினமும் போனாள். அன்று நடத்திய பாடத்தை நடத்துவாள். அஃப்சானா பதில் சொல்வாள். மறுநாள் வகுப்பில் அன்புக்கரசி அந்தப் பதிலைத் தன் சொந்தக் குரலில் சொல்வாள்.

“அஃப்சானா சொல்லி அனுப்புனது மிஸ். ஐ வாண்ட் டு கவுண்ட் த கிரோஸ் ஃப்ரம் மை விண்டோ.”

இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஜன்னலில் காக்கை எண்ணுகிற ஒருத்தி எல்லார் நினைவுக்கும் வந்துவிட்டாள். மிஸ் மட்டும் தலையாட்டி, “நல்ல வாக்கியம்னு அவகிட்டச் சொல்லு” என்பார்.

பதில் சொல்லி முடித்ததும் அஃப்சானா ஒவ்வொரு மாலையும் ஒன்று கேட்பாள்.

“பவித்ரா என்னைக் கேட்டாளா?”

“இல்லை” என்பாள் அன்புக்கரசி. அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் அது இருந்தது.

ஒரு மதியம் அவள் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. பவித்ரா.

“அவ எப்டி இருக்கா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கா.”

“என் மேல கோவமா இருக்காளா?”

“ஏன் நீ போகலை?”

பவித்ரா பாவாடை ஓரத்தைத் திருகினாள். “ஒரு வாரம் போகலை, பாட்டு கிளாஸ் இருந்துச்சு. அப்புறம் இன்னொரு வாரம் போகலை. அதுக்கப்புறம் போறதுக்கே வெக்கமாப் போச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? இன்னைக்கு உன்கூட நானும் வரட்டுமா?”

அன்புக்கரசி குழாயை மூடினாள். பவித்ரா வந்துவிட்டால் தன் இடம் என்ன ஆகும்? அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். தான் இப்போது முளைத்தவள். மறுபடியும் குழாயடிதான், மறுபடியும் டப்பாதான்.

“கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

அன்று மாலை அவள் கேட்கவில்லை. பாடத்தை மட்டும் நடத்தினாள். ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கம் நடத்தினாள். கடைசியில் அந்தக் கேள்வி எப்படியும் வந்தது.

“பவித்ரா என்னைக் கேட்டாளா?”

இல்லை என்று சொல்ல வாய் பழகியிருந்தது. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் நாளைக்கும் இந்தக் கட்டிலோரம் தன்னுடையது. கைப்பேசி கட்டிலின் மேல் கிடந்தது. அதில் வரவில்லை, வரவில்லை என்று வரிசையாக நின்ற அந்த வரிகள் அவள் நினைவுக்கு வந்தன. யாரும் வரவில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம். கேட்டுக்கொண்டு படுத்திருப்பதுதான் கஷ்டம்.

“கேட்டா” என்றாள். “உனக்குக் கோவம் இருக்குமோன்னு பயப்படுறா. வர வெக்கப்படுறா.”

அஃப்சானா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. தான் வந்த எந்த நாளிலும் அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை என்பதை அன்புக்கரசி கவனித்தாள். அது வலித்தது.

“நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

மறுநாள் மாலை பவித்ரா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் ஆயக்குடி கொய்யாப்பழம் ஒரு பை. அஃப்சானா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போடி” என்றாள் கரகரப்பாக.

“போயிடவா?”

“போய்த்தான் பாரு.”

பவித்ரா போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அஃப்சானாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அஃப்சானாவும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் அழுகையை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு நிற்கவே இல்லை. போன வருடத்து ஆண்டு விழா, யாரோ ஒரு டீச்சரின் செருப்பு, பஸ்ஸில் தொலைந்த குடை. ஒன்றும் அன்புக்கரசிக்குப் புரியவில்லை. அவர்கள் சிரித்த இடத்தில் அவளும் சிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஓசைப்படாமல் பையை எடுத்தாள். அடுப்படியிலிருந்த ஜெய்தூன் பீவியிடம் மட்டும், “போயிட்டு வாரேங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சந்து முனையில் நின்றாள். அப்பா வர இன்னும் நேரம் இருந்தது. பெட்டிக்கடைக்காரர் வாழைத்தாரைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் ஒரே சைக்கிளில் போனார்கள். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று யாரோ சொன்னதாக ஞாபகம். லேசாகவில்லை.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பவித்ரா வெறுங்காலோடு வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

“ஏய், எங்கிட்டுப் போற? சீக்கிரம் வா. அவ என்னைப் போட்டுத் திட்டுறா.”

“எதுக்கு?”

“இன்னைக்குப் பாடத்தைச் சொல்லிக் குடுன்னா. எனக்குச் சொல்லத் தெரியலை. நடத்துனப்ப நான் எங்க கவனிச்சேன்? ‘உனக்கு ஒண்ணும் தெரியலை, என் ஜோடியைக் கூட்டிட்டு வா’ங்கிறா. உன்னைக் கூப்பிடாம நான் உள்ள போக முடியாது.”

“நீங்கதான் பேசிட்டு இருந்தீங்களே.”

“பேசுனோம். இப்ப நிறுத்திட்டா. உன் இடம் காலியா இருக்குன்னு ஒரே சத்தம்.”

பவித்ரா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அறைக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்து ஒரு தலையணை பறந்து வந்தது.

“யாருகிட்டக் கேட்டுப் போன?” என்றாள் அஃப்சானா. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. “எல்லாரும் சொல்லாமத்தான் போவீங்களா? நீயுமா?”

தான் போனால் ஒருத்திக்குத் தெரியும் என்று அன்புக்கரசி நினைத்ததே இல்லை. தலையணையைப் பொறுக்கி, தட்டி, கால்மாட்டில் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்தாள்.

“எனக்கும் சொல்லிக் கொடு” என்றாள் பவித்ரா. “இந்தத் துணை கேக்கிற வினை எனக்கு உண்மையிலேயே புரியலை.”

“உனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு? கொய்யாப்பழத்தை எடு” என்றாள் அஃப்சானா.

பவித்ரா பழத்தைப் பிட்டு மூன்று பேருக்கும் கொடுத்தாள். அன்புக்கரசி புத்தகத்தைப் பிரித்தாள். ஹெல்ப் என்ற சொல்லில் தொடங்கினாள். ஒருத்தி தப்பாகச் சொல்ல, ஒருத்தி திருத்த, திருத்தியதும் தப்பாக இருக்க, பாடம் நகரவே இல்லை. ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை.

சந்து முனையில் லோடு வண்டி வந்து நின்றது. சூசைராஜ் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் அடித்தார்.

அன்புக்கரசி ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி, “செத்த நேரம் இருங்கப்பா” என்று கத்தினாள்.

அவளோடு சேர்ந்து உள்ளேயிருந்து இன்னும் இரண்டு குரல்கள் கத்தின. அதில் ஒன்று கரகரவென்று சந்து முழுக்கக் கேட்டது.